டைட்டானியக் கலவைகள்: எதில் என்ன இருக்கிறது, எது எதற்கு?

டைட்டானியம்தான் உலகத்திலேயே உறுதியான உலோகம் என்று பலரும் நம்புகிறார்கள். செல்போன் விளம்பரமும் கைக்கடிகார விளம்பரமும் அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டன. ஆனால் அது சரியில்லை. விமானத்தின் லேண்டிங் கியருக்கு, அதாவது தரையிறங்கும் சக்கர அமைப்புக்குப் போடும் உயர்ரக எஃகு 1900 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவிசை தாங்கும். உலகில் அதிகம் புழங்கும் டைட்டானியக் கலவை 900 முதல் 1000 வரைதான் தாங்கும். எதுவும் கலக்காத சுத்த டைட்டானியம் அதிலும் பாதியளவுக்கு இறங்கிவிடும். மெகாபாஸ்கல் என்ற அளவு பழக்கமில்லாதவர்களுக்கு: 900 மெகாபாஸ்கல் என்றால், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள மெல்லிய கம்பியில் 90 கிலோ ஆள் ஒருவர் தொங்கலாம், கம்பி அறுகாது.

பிறகு ஏன் இவ்வளவு மவுசு? எடைதான் காரணம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஒரு கிலோவுக்கு எவ்வளவு பலம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால், நல்ல டைட்டானியக் கலவை பெரும்பாலான எஃகுகளைத் தாண்டிவிடும். அலுமினியக் கலவைகளும் இந்தக் கணக்கில் நன்றாகத்தான் வரும், ஆனால் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அவை தளர ஆரம்பிக்கும். டைட்டானியக் கலவைகளில் சாதாரண ரகங்களே 350, 400 டிகிரி வரை வேலை செய்யும், சில ரகங்கள் 550-ஐயும் தாண்டும். எஃகைவிட லேசு, அலுமினியத்தைவிடச் சூடு தாங்கும். அந்த இடைவெளியில்தான் டைட்டானியத்துக்கு வேலை.

ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் பாதிதான். எஃகுக்கு 200 கிகாபாஸ்கல் (ஒரு கிகாபாஸ்கல் என்பது ஆயிரம் மெகாபாஸ்கல்), டைட்டானியத்துக்குச் சுமார் 110. ஒரே அளவில் ஒரு எஃகுக் கம்பியும் ஒரு டைட்டானியக் கம்பியும் எடுத்து ஒரே எடையைத் தொங்கவிட்டால் டைட்டானியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வளையும். எடையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஆனால் வளையும். வடிவமைப்பவர்களுக்கு இது சில இடங்களில் தலைவலி, சில இடங்களில் வரம். எலும்பு பற்றிச் சொல்லும்போது மறுபடியும் வருகிறேன்.

ஆக்சிஜன் மேல் உள்ள பசி

டைட்டானியத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஆக்சிஜன் மேல் அடங்காத பசி. இந்த உலோகத்தின் நன்மை, தொல்லை, விலை என்று எதைத் தொட்டாலும் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

புதிதாக வெட்டிய டைட்டானியத் துண்டு காற்றில் பட்ட கணத்திலேயே மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். தடிமன் சில நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. இரும்பின் துரு உதிர்ந்துகொண்டே போகும். இந்தப் படலம் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, உள்ளே எதையும் விடாது. கீறினாலும் அந்த நொடியே புதிதாக மூடிக்கொள்ளும். கடல்நீரில் வருஷக்கணக்காகக் கிடந்தாலும் டைட்டானியம் அரிக்காமல் இருப்பது இதனால்தான். கடல்நீரைக் கொண்டு குளிர்விக்கும் மின்நிலையங்களிலும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலும் மெல்லிய டைட்டானியக் குழாய்களைப் போடுகிறார்கள். ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் வெளிப்புறத்தில் பெரும்பகுதி அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய டைட்டானியத் தகடுகள்தான்.

இந்தப் படலத்துக்கு வாழ ஆக்சிஜன் வேண்டும், அல்லது கொஞ்சம் ஈரமாவது வேண்டும். ஈரமான குளோரின் வாயுவை டைட்டானியம் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். ஈரமே இல்லாத உலர்ந்த குளோரினில் தீப்பிடித்தே எரியும். ஒரே வாயு, துளி ஈரம்தான் வித்தியாசம். அதனால் "டைட்டானியத்தை எதுவும் அரிக்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இந்தப் படலத்தைக் கரைத்துவிடும்.

மண்ணில் மலிவு, உலோகமாக விலை

பூமியின் மேலோட்டில் அதிகமாக இருக்கும் தனிமங்களின் வரிசையில் டைட்டானியம் ஒன்பதாவது. செம்பைவிட எவ்வளவோ அதிகம். 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஓடைக் கரையின் கருமணலில் இப்படி ஒரு புதிய பொருள் இருப்பதைக் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் அதற்குப் பெயர் வைத்தார்.

அந்தக் கருமணல் நமக்கும் அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை, கேரளத்தின் சவரா, இலங்கையின் புல்மோட்டை ஆகிய மூன்று இடங்களிலும் இல்மனைட் என்ற கனிமத்தை மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். இல்மனைட்டில் இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்திருக்கும். உலகில் தோண்டும் டைட்டானியக் கனிமத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் உலோகமாக ஆவதே இல்லை. வெள்ளைப் பெயின்ட், பிளாஸ்டிக், காகிதம் முதலியவற்றுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியாகப் போய்விடுகிறது.

உலோகமாக்குவது அவ்வளவு கடினம். இரும்புத் தாதுவோடு கரியைச் சேர்த்து உலையில் போட்டால் கரி ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு போய்விடும், இரும்பு மிஞ்சும். டைட்டானியத்திடம் அது நடக்காது. கரியும் போய் டைட்டானியத்தோடு ஒட்டிக்கொண்டு கார்பைடு ஆகிவிடும். அதனால் சுற்றுவழி. முதலில் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சுமார் 1000 டிகிரியில் குளோரின் வாயுவைச் செலுத்தி, டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக மாற்றுவார்கள். 136 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவத்தைக் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்துவார்கள். அப்புறம் காற்றே புகாத பாத்திரத்தில், எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில், உருகிய மக்னீசியத்தோடு வினைபுரிய விடுவார்கள். மக்னீசியம் குளோரினை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஓட்டை ஓட்டையாக இருக்கும் சாம்பல்நிற டைட்டானியக் கட்டி. தோற்றத்தை வைத்தே அதற்கு ஸ்பாஞ்ச் என்று பெயர்.

லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் 1930-களில் கண்டுபிடித்த முறை இது. இன்றும் அடிப்படையில் இதே முறைதான். எஃகு உலை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இதுவோ ஒவ்வொரு பாத்திரமாக, நாள்கணக்கில் எடுத்துச் செய்யும் வேலை. விலை ஏறுவதற்கு முதல் காரணம் இதுதான். ஸ்பாஞ்சை நொறுக்கி, கலக்க வேண்டிய உலோகங்களைச் சேர்த்து அழுத்தி, வெற்றிட உலையில் இரண்டு மூன்று முறை உருக்கினால்தான் வார்ப்புக் கட்டி கிடைக்கும். இந்தியாவில் சவராவில் 2011-ல் ஆண்டுக்கு 500 டன் திறன்கொண்ட ஸ்பாஞ்ச் ஆலை தொடங்கப்பட்டது. இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பணம் கொடுத்தது, தொழில்நுட்பம் ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்புத் துறை உலோகவியல் ஆய்வகத்துடையது. கனிம மணல் இவ்வளவு இருக்கும் நாட்டில் இது மிகச் சிறிய அளவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆல்ஃபா, பீட்டா: இரண்டு அடுக்கு முறைகள்

இனி கலவைகள். அறை வெப்பத்தில் டைட்டானியத்தின் அணுக்கள் அறுகோண வடிவில் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இதற்கு ஆல்ஃபா என்று பெயர். சூடாக்கிக்கொண்டே போய் 882 டிகிரியைத் தொட்டால், உலோகம் திடமாக இருக்கும்போதே அணுக்கள் இடம்மாறிக் கனசதுர வடிவுக்கு வந்துவிடும். அது பீட்டா. ஆல்ஃபா சூட்டில் நீளாமல் தாக்குப்பிடிக்கும், வெல்டிங்குக்கு ஒத்துழைக்கும், ஆனால் வளைத்து உருவாக்குவது கடினம். பீட்டா எளிதாக உருமாறும், வெப்பச் சிகிச்சை கொடுத்து வலிமையை நன்றாக ஏற்றலாம், ஆனால் கொஞ்சம் கனம் கூடும்.

எந்த உலோகத்தைக் கலக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்றை நிலைநிறுத்தலாம். அலுமினியம் ஆல்ஃபா பக்கம் நிற்கும். வனேடியம், மாலிப்டினம், நியோபியம், இரும்பு, குரோமியம் எல்லாம் பீட்டா பக்கம். அவற்றைப் போதுமான அளவு சேர்த்தால் 882 டிகிரிக்கு மேல் மட்டுமே இருந்த பீட்டா, அறை வெப்பத்திலும் தங்கிவிடும். வெள்ளீயமும் சிர்க்கோனியமும் எந்தப் பக்கமும் பெரிதாகச் சாயாமல் வலிமை மட்டும் கூட்டும். டைட்டானியக் கலவைகளின் வகைப்பாடு முழுக்க இந்த அடிப்படையில்தான் நடக்கிறது.

முதலில் கலப்பில்லாதவை, கிரேடு 1 முதல் 4 வரை. உலோகம் எதையும் சேர்க்காமலேயே இவற்றுக்குள் ஏன் நான்கு படி? மறுபடியும் ஆக்சிஜன்தான். கிரேடு 1-ல் அது 0.18 சதவீதத்துக்குள், கிரேடு 4-ல் 0.40 வரை. இந்தச் சின்ன வித்தியாசத்தில் குறைந்தபட்ச இழுவிசை வலிமை 240-லிருந்து 550 மெகாபாஸ்கலுக்கு ஏறிவிடுகிறது. ஆக்சிஜன் அணுக்கள் டைட்டானிய அணுக்களின் இடுக்குகளில் புகுந்து அவற்றை நகரவிடாமல் செய்வதால் வரும் வலிமை இது. சமையலில் உப்பு மாதிரி, அளவோடு இருந்தால் எடுபடும், கூடினால் கெட்டது. அதிகமானால் உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வேதித் தொழிற்சாலைக் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் பெரும்பாலும் கிரேடு 2 போதும்.

ஆல்ஃபா கலவைகளில் அலுமினியமும் வெள்ளீயமும் இருக்கும். 5 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வெள்ளீயம் கொண்டது இதில் பெயர்பெற்றது. திரவ ஹைட்ரஜனின் கடுங்குளிரிலும் இது நொறுங்காது என்பதால் ராக்கெட்டுகளில் பயன்பட்டது. இதே குடும்பத்தில் சிறிது மாலிப்டினம் சேர்த்த ரகங்கள் ஜெட் எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பகுதியில் 500 டிகிரிக்கு மேலும் வேலை செய்கின்றன.

மூன்றாவது வகைதான் ராஜா. ஆல்ஃபாவும் பீட்டாவும் கலந்திருக்கும் வகை. அதிலும் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் சேர்த்த கலவை. தொழிலில் இதைக் கிரேடு 5 என்பார்கள், அல்லது சிக்ஸ்-ஃபோர் என்பார்கள். உலகில் பயன்படும் டைட்டானியத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரே கலவைதான். 1950-களில் வந்தது, எத்தனையோ புதிய கலவைகள் வந்தும் இதை அசைக்க முடியவில்லை. இதன் சிறப்பு எந்த ஒரு குணத்திலும் முதலிடம் பிடிப்பதில் இல்லை, எல்லாக் குணத்திலும் தேறிவிடுவதில் இருக்கிறது. வெல்டிங் செய்யலாம், அடித்து உருவாக்கலாம், வார்க்கலாம், இப்போது உலோகப் பொடியை லேசரால் உருக்கி முப்பரிமாண அச்சிலும் எடுக்கலாம். எப்படிச் சூடாக்கி எப்படி ஆறவிடுகிறோம் என்பதைப் பொறுத்து உள்ளமைப்பு மாறும். சுமார் 995 டிகிரிக்கு மேல் ஏற்றி மெதுவாக ஆறவிட்டால் மெல்லிய தகடுகளாக ஆல்ஃபா படியும், அந்த அமைப்பில் விரிசல் வேகமாகப் பரவாது. அதற்குக் கீழேயே அடித்து உருவாக்கினால் உருண்டைத் துகள்களாக அமையும், அதில் விரிசல் தொடங்குவதே தாமதமாகும். ஒரே கலவைதான், உலையில் எப்படி வளர்ந்தது என்பதில்தான் வேறுபாடு.

கடைசியாகப் பீட்டா கலவைகள். 10 சதவீதம் வனேடியம், 2 சதவீதம் இரும்பு, 3 சதவீதம் அலுமினியம் கொண்ட ரகம் போயிங் 777 விமானத்தின் லேண்டிங் கியரில் இருக்கிறது. அவ்வளவு வலிமை வரும், சுமார் 1200 மெகாபாஸ்கல். பல் வரிசையைச் சீராக்கக் கட்டும் கிளிப் கம்பிகளில் ஒரு ரகமும் பீட்டா டைட்டானியம்தான். வளைத்துவிட்டு விட்டால் முதல் வடிவத்துக்கே திரும்பும் நிட்டினால் கம்பி இந்தப் பட்டியலில் சேராது. அது ஏறத்தாழப் பாதிக்குப் பாதி நிக்கல், தனி இனம். ரத்தக் குழாயில் வைக்கும் சில ஸ்டென்ட்டுகள் அதில் செய்தவை.

எங்கெல்லாம் போகிறது

விமானத் துறைதான் பெரிய வாடிக்கையாளர். ஜெட் எஞ்சினின் முன்னால் சுழலும் விசிறி இறக்கைகள், விசிறித் தட்டு, கம்ப்ரசர் ஆகியவற்றில் டைட்டானியம் நிறைந்திருக்கும். எரிபொருள் எரியும் பகுதிக்குப் பின்னால் இருக்கும் சூட்டை அது தாங்காது, அங்கே நிக்கல் கலவைகள் வேண்டும். போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் 15 சதவீதம் டைட்டானியம். அந்த விமானத்தின் உடல் கார்பன் நார்ப் பொருளால் ஆனது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் ஈரம் பட்டால் மின்வேதி முறையில் அரித்துப்போகும். டைட்டானியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த உலோகம் எவ்வளவு கவனம் கேட்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிளாக்பேர்ட் உளவு விமானத்தின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பறப்பதற்காக 1960-களில் லாக்ஹீட் நிறுவனம் கலிபோர்னியாவின் பர்பாங்கில் கட்டியது. காற்று உராய்ந்தே விமானத்தின் மேற்புறத் தகடு கொதிக்கும் என்பதால் உடல் பெரும்பகுதி டைட்டானியம். அதில் ஒரு பகுதி, எந்த நாட்டை உளவு பார்க்கப் போகிறார்களோ அந்த சோவியத் நாட்டிலிருந்தே மறைமுகமாக வாங்கியது. வேலையில் ஒரு புதிர் வந்தது. கோடைக்காலத்தில் வெல்டிங் செய்த பாகங்கள் சீக்கிரம் உடைந்தன, குளிர்காலத்தில் செய்தவை நீடித்தன. தேடிப் பார்த்தபோது காரணம் நகராட்சித் தண்ணீரில் இருந்தது. கோடையில் பாசி பிடிக்காமலிருக்கக் குளோரினை அதிகம் கலந்திருந்தார்கள். பாகங்களைக் கழுவியது அந்தத் தண்ணீரில். வாலை வடிநீருக்கு மாறிய பிறகு தீர்ந்தது. சாதாரண வெப்பத்தில் கடல்நீரையே தாங்கும் உலோகம், சூடும் இழுவிசையும் ஒன்றாகச் சேரும்போது ஒட்டியிருக்கும் துளிக் குளோரைடுக்குக்கூட விரிசல் விடும். காட்மியம் என்ற உலோகம் பூசிய ஸ்பேனர் பட்ட போல்ட்டுகளின் தலைகளும் சூட்டில் கழன்று விழுந்தன. அத்தகைய கருவிகளை எல்லாப் பெட்டிகளிலிருந்தும் அகற்ற வேண்டியிருந்தது.

இதைவிட வேதனையான பாடம் 1989 ஜூலை 19-ல் வந்தது. அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு டிசி-10 பயணிகள் விமானம் அவசரமாகத் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வால் எஞ்சினின் டைட்டானிய விசிறித் தட்டு நடுவானில் வெடித்துச் சிதறியிருந்தது. அந்தத் தட்டு செய்த உலோகத்தை உருக்கியபோது ஆக்சிஜனும் நைட்ரஜனும் செறிந்த ஒரு சின்னக் கடினத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டிருக்கிறது. அந்த இடத்தில் தொடங்கிய விரிசல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. எஞ்சின் தட்டுகளுக்கு மூன்று முறை உருக்குவதும், இன்னும் நுணுக்கமாகச் சோதிப்பதும் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கடலடியிலும் இதற்கு இடமுண்டு. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்புவதற்காக மத்ஸ்யா 6000 என்ற கலத்தை உருவாக்கிவருகிறது. ஆட்கள் உட்காரும் கோளம் 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன், டைட்டானியக் கலவை. அந்த ஆழத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப்போல 600 மடங்கு அழுத்தம். எஃகிலும் கோளம் செய்யலாம், ஆனால் அதன் கனத்தை மேலே தூக்க எவ்வளவு மிதவைப்பொருள் வேண்டியிருக்கும் என்று யோசித்தால் டைட்டானியத்தைத் தேடுவது ஏன் என்று புரியும்.

உடலுக்குள் என்றால், ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது எலும்போடு ஒன்றாகிவிட்டிருந்தது. 1965-ல் முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் பொருத்தினார். எலும்புச் செல்கள் சந்திப்பது உலோகத்தை அல்ல, மேலே இருக்கும் அந்த ஆக்சைடு படலத்தை. இங்கேதான் குறைந்த விறைப்பும் உதவுகிறது. எலும்பின் விறைப்பு 10 முதல் 30 கிகாபாஸ்கல். விறைப்பான எஃகுத் தண்டைத் தொடையெலும்புக்குள் வைத்தால் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும், வேலையில்லாத எலும்பு கரைய ஆரம்பிக்கும். டைட்டானியத்தில் இந்தத் தொல்லை குறைவு. நியோபியம், சிர்க்கோனியம் சேர்த்த பீட்டா ரகங்களில் விறைப்பை 80 அல்லது அதற்கும் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் இடுப்பு மூட்டின் உருளும் பந்தை டைட்டானியத்தில் செய்வதில்லை. உராய்வில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். தண்டு டைட்டானியம், பந்து பீங்கான் அல்லது கோபால்ட்-குரோமியம்.

பட்டறையில்

டைட்டானியத்தை லேத்தில் கடைவது பொறுமையைச் சோதிக்கும். எஃகைப்போல இது சூட்டைக் கடத்தாது, கிரேடு 5 கடத்துவது சாதாரண எஃகில் ஏழில் ஒரு பங்குதான். வெட்டும்போது வரும் சூடு பொருளுக்குள் பரவாமல் டூலின் நுனியிலேயே குவிந்து அதைத் தின்றுவிடும். அதனால் வேகத்தைக் குறைத்து, கூலன்ட்டைத் தாராளமாக அடித்து, டூலை ஒரே இடத்தில் நின்று தேய்க்கவிடாமல் வெட்டிக்கொண்டே போக வேண்டும். மெல்லிய சீவல்கள் தீப்பிடிக்கும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் டைட்டானியம் தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்து, ஹைட்ரஜனை வெளியே விடும். உலோகத் தீக்கான பொடி அல்லது உலர்ந்த மணல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வெல்டிங்கில் நிறமே தேர்வுத்தாள். ஆர்கான் போர்வை சரியாக இருந்தால் பற்று, அதாவது பற்றவைத்த இணைப்பு, வெள்ளிபோலப் பளிச்சென்று வரும். வைக்கோல் மஞ்சள் பரவாயில்லை. நீலம் வந்தால் காற்று புகுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சாம்பலோ மாவு வெள்ளையோ வந்தால் வெட்டியெடுத்துவிட்டு மறுபடியும் செய்ய வேண்டும். சுடர் நகர்ந்துபோன பிறகும் பற்று ஆறும்வரை, பின்புறத்தையும் சேர்த்து, ஆர்கான் மூடியே இருக்க வேண்டும். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டால் பற்று வெளியே அழகாகத் தெரிந்தாலும் உள்ளே கண்ணாடிபோல உடையும்.

கடையில் "டைட்டானியம்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த கிரேடு என்று கேளுங்கள். கடிகார உறைக்குக் கிரேடு 2 என்றால் லேசாக இருக்கும், கீறல் சீக்கிரம் விழும். கிரேடு 5 அதைவிடக் கடினம், பளபளப்பும் நன்றாக ஏறும். உடலுக்குள் வைக்கும் பாகம் என்றால் கிரேடு 23 என்ற பெயரைப் பார்க்கலாம். அதுவும் சிக்ஸ்-ஃபோர்தான், ஆக்சிஜனை 0.13 சதவீதத்துக்குள் நிறுத்தியது.